தாத்தாவின் காதுக்கு ஒரு டிக்கெட்

வியாழன் இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிலையத்தை விட்டு வெளியே வருகிறேன், கிள்ளானிலிருந்து அண்ணனின் புலனச் செய்தி.

"பையனுக்கு ஸ்கூல் லீவு. சனி, ஞாயிறு ரெண்டு நாள் உன் வீட்டுல விடுறேன். எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ. கைப்பேசிய மட்டும் கையில கொடுத்துடாத."

பையனுக்கு வயது 12. காற்பந்துப் பைத்தியம். ஆனால் அவனுடைய காற்பந்து எல்லாம் இங்கிலாந்தில் இருக்கிறது. லிவர்பூல் ஆட்டக்காரர்களின் பிறந்தநாள் வரை சொல்வான். நம் நாட்டு அணிகளில் நான்கு பெயர் கேட்டால் மேலே பார்ப்பான். வெள்ளி இரவு காரை விட்டு இறங்கும்போதே சிவப்பு லிவர்பூல் சட்டை. இறங்கியதும் முதல் கேள்வி: "அத்தை, ஜேபியில என்னா இருக்கு? லெகோலேண்ட் ரெண்டு தடவ போயாச்சு."

இந்தக் கேள்வியை நான் அவனிடம் மட்டும் கேட்டதில்லை. கோலாலம்பூரிலிருந்து வரும் நண்பர்கள், சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வரும் உறவினர்கள் எல்லாரும் கேட்பார்கள். சாப்பாடு, பேரங்காடி, மலிவான பெட்ரோல். ஜொகூர் பாரு என்றால் அவ்வளவுதான் என்று நினைப்பு. இந்த ஊருக்காரியான எனக்கு அது கொஞ்சம் வலிக்கும். சரி, இந்த முறை ஒரு விளையாட்டு ரசிகனுக்கு இந்த ஊரில் ஒரு நாள் முழுக்க என்ன இருக்கிறது என்று காட்டிவிடுவோம் என முடிவு செய்தேன். சனிக்கிழமை இரவு ஜேடிடி அணிக்குச் சொந்தத் திடலில் ஆட்டம். இணையத்தில் மூன்று டிக்கெட் எடுத்தேன்.

மூன்றாவது டிக்கெட் அப்பாவுக்கு. அதை அவரிடம் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இனிப்பு நீர் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அது மெல்லக் கண்ணைத் தொட்டுவிட்டது. விழித்திரையில் கசிவு. எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நடுவில் ஒரு புகை மூட்டம் நிற்பது போலத் தெரிகிறது என்பார். ஓரத்தில் அசைவது தெரியும், நிறம் தெரியும், எழுத்து தெரியாது. கடைசியாக அவர் அரங்கத்தில் ஆட்டம் பார்த்தது 2019-இல், லார்க்கினில். அடுத்த ஆண்டு புது அரங்கம் திறந்தார்கள். உடனே பெருந்தொற்று வந்தது. அது முடிவதற்குள் கண் போனது. எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். ஒரே பதில்: "கண்ணு தெரியாதவனுக்கு டிக்கெட் எதுக்கும்மா? காச வீணாக்காத." அதைவிடப் பெரிய கவலை, கண் மருத்துவரின் இரண்டு தவணைகளுக்கு அவர் போகவே இல்லை. "இனிமே என்னா பார்க்கப் போறேன்" என்பார்.

காலை: லார்க்கின்

சனி காலை கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி அப்பாவைக் காரில் ஏற்றினேன். பொய்யில்லை, கோயிலுக்கும் போனோம். ஆனால் வழியில் லார்க்கின் பேருந்து முனையத்தைத் தாண்டி, தான் ஸ்ரீ டத்தோ ஹாஜி ஹசான் யூனுஸ் அரங்கத்தின் வெளியே காரை நிறுத்தினேன். ஊரில் யாரும் அந்த முழுப் பெயரைச் சொல்வதில்லை. லார்க்கின் ஸ்டேடியம், அவ்வளவுதான். ஜேடிடி முதல் அணி இங்கிருந்து இடம் மாறிப் போய்விட்டது. நாங்கள் போன நேரம் வாசல் மூடியிருந்தது.

பையன் கம்பி வழியாகப் பார்த்தான். "இதுவா? பழைய ஸ்டேடியம்தானே?"

"ஜப்பான்காரன் யாராவது வந்தா முதல்ல இங்கதான் வந்து படம் புடிப்பான், தெரியுமா?" என்றேன்.

1997 நவம்பர் 16. 1998 உலகக் கிண்ணத்துக்கு ஆசியாவிலிருந்து போகும் மூன்றாவது அணி எது என்பதைத் தீர்மானிக்க ஜப்பானும் ஈரானும் மோதின. இரு நாட்டுக்கும் பொதுவான இடமாகத் தேர்ந்தெடுத்தது இந்த லார்க்கினை. அதுவரை ஜப்பான் ஒருமுறைகூட உலகக் கிண்ணத்துக்குப் போனதில்லை. ஊரெல்லாம் நீலச் சட்டை. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவிடம் டிக்கெட் இல்லை. ஆனாலும் என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். இதோ, இந்தச் சாலை ஓரத்தில்தான் வண்டியை நிறுத்தினார்.

இதுவரை பின்னிருக்கையில் சும்மா இருந்த அப்பா வாயைத் திறந்தார். "அங்க இல்லம்மா. அந்த மரத்துக்கிட்ட. அந்த மரம் இருக்கா இன்னும்?"

இருந்தது. பையன் போய் அதைத் தொட்டுவிட்டு வந்தான்.

அப்பாதான் மிச்சக் கதையைச் சொன்னார். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. சத்தம் மட்டும் வரும். அரங்கம் நிறைய ஜப்பான் ரசிகர்கள், ஈரான் ரசிகர்கள் கொஞ்சம் பேர். அதனால் பெரிய சத்தம் வந்தால் ஜப்பான் கோல், சின்னச் சத்தம் வந்தால் ஈரான் கோல். நான் விரலை மடக்கி எண்ண வேண்டும். முதல் பாதியில் ஒரு பெரிய சத்தம். இடைவேளை முடிந்ததுமே ஒரு சின்னச் சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சின்னச் சத்தம். அதன்பின் பயங்கர அமைதி. பிறகு மறுபடி ஒரு பெரிய சத்தம். இரண்டுக்கு இரண்டு.

"அப்புறம் தாத்தா?"

கூடுதல் நேரம். அப்போது 'கோல்டன் கோல்' விதி இருந்தது. யார் முதலில் கோல் அடித்தாலும் அத்துடன் ஆட்டம் முடிந்தது. கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மசாயுகி ஒக்கானோ நல்ல வாய்ப்புகளைக் கோட்டை விட்டார். 118-ஆவது நிமிடம் நகாதா அடித்த பந்தை ஈரான் கோல் காவலர் தட்டிவிட, சறுக்கிக்கொண்டே வந்து அதை உள்ளே தள்ளினார் அதே ஒக்கானோ. 3-2. ஜப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போனது. அந்த இரவை ஜப்பானியர்கள் இன்றும் 'ஜொகூர் பாருவின் பேரானந்தம்' என்றுதான் சொல்கிறார்கள். தோற்ற ஈரானும் சும்மா போகவில்லை. அடுத்து மெல்பர்னில் ஆஸ்திரேலியாவைச் சமாளித்து அவர்களும் உலகக் கிண்ணத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றிரவு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடைசிச் சத்தம்தான். மோட்டார் சைக்கிள் தாங்கி வழியாகக் காலில் ஏறியது. வாழ்க்கையில் நான் முதன்முதலில் 'கேட்ட' கோல் அது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். மறுநாள் திங்கள். அப்பா நான்கு மணிக்கு எழுந்து, சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு வழக்கம் போல மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போனார்.

ஊடகப் படிப்பு படித்தபோது, வானொலிக்குக் கண் இல்லை என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அதை அப்பா எட்டு வயதிலேயே லார்க்கின் சாலை ஓரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

மதியம்: ஜாலான் உங்கு புவான்

நகர மையத்துக்கு வந்தோம். ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு. பூமாலைக் கடை, மளிகைக் கடை, புடவைக் கடை, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. பையன் கிள்ளான்காரன், அவனுக்கு இது புதிதில்லை. ஆனால் தாத்தாவிடம் அவன் கேட்க ஆரம்பித்துவிட்டான். அதுதான் எனக்கு வேண்டியது.

"தாத்தா, நீங்க எந்த பொசிஷன்?"

அப்பா கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து அணிக்குக் கோல் காவலர். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு திடல், ஓர் அணி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாரியில் ஏறி அடுத்த தோட்டத்துக்கு ஆடப் போவார்கள். ஜெயித்தால் லாரியில் பாட்டு, தோற்றால் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். கையுறை கிடையாது. மழையில் பந்து கல்லாக வரும்.

"எங்களுக்கெல்லாம் ஒரே சாமி, ஆறுமுகம்தான்" என்றார் அப்பா.

ஆர். ஆறுமுகம். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலர். நீண்ட கைகள். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்டது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியக் காற்பந்து அணி தகுதி பெற்றபோது கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவர். அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்ததால் அவர்களால் போக முடியவில்லை. 1988-இல் கார் விபத்தில் இறந்துவிட்டார். 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தில் முத்து என்ற கோல் காவலர் வருவாரே, அந்தப் பாத்திரத்தைப் பார்க்கும்போது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

"உங்க சிலாங்கூர்க்காரன்தான்டா" என்றார் அப்பா. பையனுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. அது அவன் தப்பில்லை. நாம் சொன்னால்தானே தெரியும்? எஸ். குணாளன் என்ற பெயராவது தெரியுமா என்று கேட்டேன். நெகிரி செம்பிலானில் தொடங்கி, ஜேடிடியின் சிவப்பு நீலச் சட்டையில் பல ஆண்டுகள் வலது ஓரத்தில் ஓடிய தமிழர். தேசிய அணிக்கும் ஆடியவர். பையன் தலையாட்டினான், தெரியாது என்று. பிறகு அவனாகவே, "சட்டை நம்பர் என்னா?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

சாப்பாடு முடிந்து ஜாலான் தான் ஹியோக் நீ பக்கம் ஒரு நடை. பழைய கடை வீடுகள் உள்ள தெரு. ஹியாப் ஜூ ரொட்டிக் கடையில் விறகடுப்பில் சுட்ட வாழைப்பழ கேக் வாங்க வரிசையில் நின்றோம். நூறு ஆண்டு தாண்டிய கடை. வரிசையும் அதற்கேற்ற நீளம். அப்பாவுக்குக் கேக் கிடையாது. ஒரு துண்டு எடுக்கப் பார்த்தார். கண் தெரியவில்லை என்கிறவருக்குக் கேக் மட்டும் நன்றாகத் தெரிகிறது என்று பையன் சொல்ல, அப்பா சிரித்துவிட்டார்.

ஹாக்கிப் பிரியர்கள் யாராவது இந்த ஊருக்கு வந்தால் தாமான் டாயா ஹாக்கி அரங்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2011 முதல் சுல்தான் ஜொகூர் கிண்ணம் என்ற 21 வயதுக்குட்பட்டோருக்கான அனைத்துலகப் போட்டி இங்கு நடக்கிறது. பெரும்பாலும் அக்டோபர் வாக்கில். இந்தியா 2013, 2014, 2022 ஆண்டுகளில் வென்றிருக்கிறது. சின்ன அரங்கம், ஆட்டக்காரர்கள் பேசுவதுகூடக் காதில் விழும். நாளைய ஒலிம்பிக் ஆட்டக்காரர்களை அவ்வளவு பக்கத்தில் பார்க்கலாம்.

மாலை: ஒரு வாக்குவாதம்

நான்கு மணிக்கு வீட்டில் தேநீர். டிக்கெட்டை மேசையில் வைத்தேன். அப்பா தடவிப் பார்த்து மூன்று என்று கண்டுபிடித்துவிட்டார். கைப்பேசியில் இருப்பதைக் காகிதத்தில் அச்சடித்து வைத்திருந்தேன், அவர் கையில் கொடுக்கத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வேணும்னா கார்ல உட்கார்ந்திருக்கேன்."

நான் வழக்கமான நியாயங்களை ஆரம்பித்தேன். அவர் வழக்கமான பதில்களைச் சொன்னார். நடுவில் பையன் புகுந்தான்.

"தாத்தா, லார்க்கின்ல வெளியே நின்னுதானே கேட்டீங்க?"

"ஆமா."

"இப்ப உள்ள உட்கார்ந்து கேளுங்க. கிட்டக்க கேக்கும்."

அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து அறைக்குள் போனார். கோபமோ என்று பயந்தேன். திரும்பி வந்தபோது மேலே ஒரு பழைய ஜொகூர் சட்டை. 1991 என்றார். அந்த ஆண்டு ஜொகூர் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடித்தது.

பையன் மட்டும் லிவர்பூல் சட்டையிலேயே வந்தான். "சிவப்புதானே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். யாரும் சொல்லவில்லை.

இரவு: வாழையிலை அரங்கம்

சுல்தான் இப்ராஹிம் அரங்கம் இஸ்கந்தர் புத்ரியில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து, சாலை காலியாக இருந்தால், அரை மணி நேரம். 2020 பிப்ரவரியில் திறந்தது. சுமார் 40,000 பேர் உட்காரலாம். அதன் வடிவத்துக்கு முன்மாதிரி வாழையிலை. இரவில் விளக்கு போட்டுவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும். மதியம் வாழையிலையில் சோறு, சாயங்காலம் வாழைப்பழ கேக், இரவு வாழையிலைக்குள் காற்பந்து. நாள் முழுக்க வாழைதான் என்று பையன் கணக்குச் சொன்னான்.

போகும் வழியில் இன்னொரு கேள்வி. "எல்லா வருஷமும் இவங்களே ஜெயிச்சா போரடிக்காதா அத்தை?" நியாயமான கேள்வி. 2014 முதல் 2024-25 பருவம் வரை சூப்பர் லீக் பட்டம் தொடர்ந்து 11 முறை ஜேடிடிக்குத்தான். மற்ற மாநில ரசிகர்களுக்கு எரிச்சல் வருவது புரிகிறது. ஆட்டத்தில் சமநிலை இல்லாமல் போனால் அது லீக்குக்கு நல்லதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1991-க்குப் பிறகு அடுத்த லீக் பட்டத்துக்கு இந்த ஊர் 23 ஆண்டுகள் காத்திருந்தது. அப்பாவின் தலைமுறை பாதி காலியான லார்க்கினில் மழையில் நனைந்து தோல்வி பார்த்த தலைமுறை. 2015 அக்டோபர் 31-ஆம் தேதி, தஜிகிஸ்தானின் துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஜேடிடி ஏஎஃப்சி கிண்ணத்தை எடுத்தது. தென்கிழக்காசியக் கிளப் ஒன்று அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. அன்று அப்பா மாமாக் கடையில் முன்பின் தெரியாத ஒரு சீனப் பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். 2022-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் பிரிவு ஆட்டங்கள் இங்கேயே நடந்தன. ஜப்பானின் காவசாகி ஃப்ரன்டாலே, தென்கொரியாவின் உல்சான் இருந்த பிரிவில் ஜேடிடி முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றிலேயே உராவாவிடம் 5-0 என்று உதை வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். ரசிகை என்றால் நேர்மையும் வேண்டும்.

உள்ளே போனோம். ஓரத்து இருக்கை, நான்கைந்து படிதான். அப்பா உட்கார்ந்ததும் முதலில் செய்தது, முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்தது. "புல்லுக்குத் தண்ணி அடிச்சிருக்கானுங்க" என்றார். பச்சை தெரிகிறது என்றார். வெளிச்சம் தெரிகிறது என்றார். கோல் கம்பத்துக்குப் பின்னால் 'பாய்ஸ் ஆஃப் ஸ்ட்ரெய்ட்ஸ்' ரசிகர் கூட்டம் முரசை அடிக்க ஆரம்பித்ததும், அப்பாவின் முழங்கால் தானாகத் தாளம் போட்டது. 'லுவாஸ்கான் குவாசாமு ஜொகூர்' என்பது அணியின் முழக்க வரி. உன் ஆற்றலைப் பரப்பு ஜொகூரே என்று பொருள் சொல்லலாம்.

எதிரணி எது என்று எழுதப் போவதில்லை. அவர்களுடைய ரசிகர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கியது. அப்பாவுக்கு வர்ணனை சொல்வது என் வேலை என்று நினைத்துத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பையன் ஆரம்பித்துவிட்டான்.

"தாத்தா, பந்து நம்ம கிட்ட. இப்ப ரைட் சைட்ல. ஆ... பாஸ்... இல்ல, போச்சு. அவங்க கிட்ட. திரும்ப நம்ம கிட்ட."

"எங்கடா? நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்."

"யாரு பக்கத்துல நிக்கிறான்?"

பையனுக்கு வியர்த்துவிட்டது. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும். தாத்தா கேட்டதோ பந்து இல்லாத இடத்தை. அவன் முதன்முறையாகத் திடல் முழுவதையும் பார்க்க ஆரம்பித்தான். அவனுடைய தமிழ், வீட்டில் "சாப்டியா", "தூங்கு" அளவில் நின்றுபோயிருந்த தமிழ், தட்டுத் தடுமாறி ஓடியது. பின்னால, முன்னால, குறுக்க, நேரா, வெட்டிட்டான், உருட்டிட்டான், தடுத்துட்டான். சொல் கிடைக்காத இடத்தில் மலாய், அதுவும் கிடைக்காவிட்டால் கை. தாத்தாவின் முழங்கையைப் பிடித்து, பந்து போகும் பக்கம் தள்ளிவிட்டான். முன்வரிசையில் இருந்த ஒரு மலாய்க்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்த அம்மா அவனுக்கு ஒரு பொட்டலம் கச்சான் நீட்டினார்.

முதல் கோலை அவன் சொல்லிமுடிப்பதற்குள் அரங்கமே சொல்லிவிட்டது. ஆனால் அப்பா அதற்கு முன்பே எழுந்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டான் பையன்.

"எல்லாரும் ஒண்ணா மூச்ச இழுப்பாங்கடா. கோலுக்கு முன்னால ஒரு நொடி. நல்லாக் கேளு."

இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் பையனின் வர்ணனை நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்கிறானாம். அவன் அப்படிக் கண்ணை மூடியிருந்த நேரத்தில்தான் மூன்றாவது கோல் விழுந்தது. அன்றைய கோல்களிலேயே அழகானது. தாத்தாவும் பேரனும் மற்ற எல்லாருக்கும் ஒரு நொடி முன்னால் எழுந்து நின்றார்கள். இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துத் திரும்பினார்கள். "எப்படி விழுந்துச்சு?"

வாரம் ஐந்து நாள் பேசிப் பிழைக்கிறவள் நான். "அது வந்து... இடது பக்கத்திலிருந்து..." என்று ஆரம்பித்துத் தடுமாறிவிட்டேன். "என்னா அத்தை, ரேடியோவில இப்படித்தான் பேசுவீங்களா?" என்றான் பையன்.

போகிறவர்களுக்கு

குடும்பத்தோடு இப்படி ஒரு நாள் போக நினைத்தால், என் அனுபவத்தில் சில விஷயங்கள்.

ஆட்ட அட்டவணை மாறும். ஒரு வாரத்துக்கு முன் ஒருமுறை, புறப்படும் அன்று ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஆட்டம் என்றால் டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

வயதானவர்களோடு போனால் கீழ் வரிசையில், நடைபாதையை ஒட்டிய இருக்கை. சிறு பிள்ளைகள் இருந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள ரசிகர் கூட்டப் பகுதி வேண்டாம். அங்கே ஆட்டம் முழுக்க நின்றுகொண்டுதான் இருப்பார்கள், முரசும் ஓயாது.

ஒன்றரை மணி நேரமாவது முன்னால் போய்விடுங்கள். முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெளியேற நேரம் ஆகும். அவசரப்பட வேண்டாம், தின்ன ஏதாவது காரில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு உட்லண்ட்ஸ் பாலத்தைவிடத் துவாஸ் வழியான இரண்டாவது பாலம் இந்த அரங்கத்துக்குப் பக்கம்.

2025 தொடக்கத்திலிருந்து ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறுதான். முன்பு வெள்ளி, சனி. பழைய ஞாபகத்தில் திட்டம் போட்டுவிடாதீர்கள். விடுமுறை ஒன்றானதால் பாலத்தில் நெரிசலும் ஒரே நாளில் சேர்ந்துகொள்கிறது.

பகலில் லார்க்கினுக்கு ஒரு நடை போங்கள். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை. 1997 கதையைப் பிள்ளைகளுக்கு அந்த வாசலில் நின்று சொல்லுங்கள். வீட்டில் தோட்டத்துத் திடலில் ஆடிய பெரியவர் யாராவது இருந்தால், கட்டாயம் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வர மாட்டேன் என்றால் பேரப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இது காற்பந்து இல்லை. இனிப்பு நீர் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் போன பிறகு போனால் மிச்சத்தைக் காப்பாற்றத்தான் முடியும், போனதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். அப்பா அதை அப்படித்தான் தவறவிட்டார். நானும்தான்.

ஞாயிறு மாலை அண்ணன் வந்து பையனை அழைத்துப் போனான். புது ஜேடிடி சட்டை ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம் அத்தை, லிவர்பூல் லிவர்பூல்தான்" என்றான். சரி, ஒரே நாளில் மதம் மாற்ற முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா மருத்துவமனை அட்டையை என் கையில் கொடுத்தார். தவணை தேதி மூன்று மாதத்துக்கு முன்பே தாண்டிவிட்டிருந்தது. "ஃபோன் போட்டுக் கேளு, புதுசா எப்ப கொடுப்பாங்கன்னு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போகிறோம்.

அன்றிரவே அப்பாவின் புலனத்துக்குப் பேரனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கிள்ளானில் அவர்கள் வீட்டுக்கு எதிர்த் திடலில் நடந்த ஆட்டம், நான்கு நிமிட வர்ணனை. பின்னால யாரு, முன்னால யாரு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது வரை. முடிவில் சில நொடி பேச்சே இல்லை, பிள்ளைகள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

அப்பா அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். கேட்டுவிட்டு, "கோலு" என்றார்.